படகோட்டிப் பழக்கமில்லாத நண்பர்களுடன் பாய்மரப் படகில் டோவரிலிருந்து காலே போகலாமா? கப்பல் நெரிசலை எப்படிச் சமாளிப்பது?

போகலாம். ஆனால் உங்களுக்காவது அந்தக் கடல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். மூடுபனி வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் அன்றைக்குக் கிளம்பவே வேண்டாம்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள டோவர் நீரிணை குறுகலான இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர்தான். ஆனால் தினமும் 400க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் போகிற வழி. போகவும் வரவும் தனித்தனிப் பாதை உண்டு, கப்பல்கள் வலப்பக்கம் பிடித்துப் போகும். அதனால் டோவரிலிருந்து போனால் முதல் பாதையில் உங்கள் இடப்பக்கமிருந்து வரும்; பிரான்ஸ் பக்கப் பாதையில் வலப்பக்கமிருந்து. நம் ஊர்ச் சாலையைக் கடப்பதற்கு நேர் எதிர். புதியவர்களிடம் இதைக் கரையிலேயே சொல்லிவிடுவேன். குறுக்கே ஓடும் பயணிகள் கப்பல்கள் பின்னாலிருந்தும் வரும்.

பாதைக்குள் நுழையும் முன் சுக்கானை நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிடுவேன். பலர் சுக்கானைத் தாங்களே பிடித்துக்கொண்டு மற்றவர்களைச் சும்மா உட்கார வைக்கிறார்கள். அது தவறு என்பேன். திசைகாட்டியில் ஒரு எண்ணைப் பிடித்து ஓட்டுவதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். எந்தக் கப்பலுக்கு எப்போது விலகுவது என்பதை அப்படிக் கற்க முடியாது. அதைக் கவனிக்க உங்கள் கை காலியாக இருக்க வேண்டும்.

இன்னொருவரிடம் கைத் திசைகாட்டி. கப்பல் கண்ணில் பட்டதும் அது எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று அவர் உரக்கச் சொல்ல வேண்டும், இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடியும். எண் மாறாமல் கப்பல் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் இரண்டும் மோதப் போகின்றன. 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகக் கப்பலுக்கு ஆறு கடல் மைல் என்பது 20 நிமிடம். நாம் போவதோ ஐந்து நாட். விலகுவதென்றால் முன்கூட்டியே, அந்தக் கப்பலில் இருப்பவர்களுக்குப் பளிச்சென்று தெரியும்படி திருப்புங்கள். பாய்மரப் படகுக்குத்தான் முதல் உரிமை என்ற பேச்சு இங்கே எடுபடாது. பாதையில் போகும் எந்திரக் கப்பலுக்குப் பாய்மரப் படகு இடையூறாக இருக்கக் கூடாது என்று சர்வதேச மோதல் தடுப்பு விதி 10 சொல்கிறது. பெரிய கப்பலின் முகப்புக்கு முன்னால் 500 மீட்டர் வரைகூடக் கடல் மாலுமிக்குத் தெரியாமல் இருக்கலாம். காற்று குறைந்தால் தயங்காமல் எஞ்சினைப் போடுங்கள்.

பாதைக்குச் செங்குத்தாகக் கடக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். படகின் முகம் செங்குத்தாக இருந்தால் போதும், நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளட்டும். ஜிபிஎஸ் திரையில் கோடு சாய்வதைப் பார்த்ததும் சுக்கானில் இருப்பவருக்குக் கை துறுதுறுக்கும். நீரோட்டத்தை எதிர்த்துத் திருப்பினால் பாதைக்குள் இருக்கும் நேரம்தான் கூடும் என்று முன்பே விளக்கிவிடுங்கள்.

குமட்டல் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். லைஃப் ஜாக்கெட்டை யாரும் கழற்ற வேண்டாம். சுக்கானில் ஆள் மாற்றுவதை இரண்டு பாதைகளுக்கும் நடுவே உள்ள பகுதியில் வைத்துக்கொள்ளலாம். அப்புறம், காலே துறைமுகத்துக்குள் நுழையும் முன் விஎச்எஃப் ரேடியோவில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும்.

எந்த மாதம் போகிறீர்கள், படகு எவ்வளவு நீளம் என்று எழுதுங்கள், நீரோட்ட நேரம் பார்த்துச் சொல்கிறேன்.