எல்க் வேட்டைக்குப் பை வாங்குகிறீர்களா? திரும்பி வரும் சுமையை நினைத்து வாங்குங்கள்

கேள்வி: டென்வரில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டேன். அக்டோபரில் அலுவலக நண்பர்கள் இருவருடன் முதல்முறையாக எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குப் போகிறேன். மலையேற்றத்துக்கு வாங்கிய 65 லிட்டர் பை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதுவே போதாதா? வேட்டைக்கென்று விற்கிற பைகள் 600 டாலருக்கு மேல் போகின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கூடாரம், தூக்கப்பை, மூன்று நாள் சாப்பாடு எல்லாம் உங்கள் 65 லிட்டர் பையில் அடங்கிவிடும். போகும்போது அது போதும்தான். ஆனால் வேட்டைப் பையின் உண்மையான வேலை மிருகம் விழுந்த பிறகுதான் தொடங்குகிறது.

வளர்ந்த ஆண் எல்க் ஏறக்குறைய 700 பவுண்டு, அதாவது 320 கிலோ இருக்கும். பெண் எல்க் 500 பவுண்டு. எலும்பை எல்லாம் நீக்கிய பிறகும் ஆண் எல்க்கில் 200 பவுண்டுக்கு முன்பின்னாக இறைச்சி தேறும். நீங்கள் மூன்று பேர் என்றால் ஆளுக்கு 65 பவுண்டு. ஒரே நடையில் முடியாது, இரண்டு நடை வேண்டும். அதுவும் 9,000, 10,000 அடி உயரத்தில், பாதை இல்லாத சரிவில், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி. களைத்துப்போய்ப் பாதியை விட்டு வரவும் முடியாது. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணாக விடுவது கொலராடோவில் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், ஓர் உயிரை எடுத்தவர் அதன் இறைச்சியைக் கெடவிடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை.

நானும் முதல் வருடம் மலையேற்றப் பையோடுதான் போனேன். பின்னந்தொடை ஒன்றை உள்ளே வைத்ததும் அது பையின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பை பின்பக்கம் சாய்ந்து இழுக்க, எடை முழுவதும் தோளில் விழுந்தது. வண்டிக்கு வந்து சேரும்போது இரண்டு கைகளும் மரத்துப் போயிருந்தன. பையைக் குறை சொல்ல மாட்டேன். மலையேற்றப் பைகள் பலவும் 40, 50 பவுண்டு வரை சுமக்கத்தான் செய்யப்படுகின்றன.

வேட்டைப் பையில் இரண்டு விஷயங்கள் வேறு. ஒன்று ஃபிரேம்: முதுகோடு ஒட்டி நிற்கும் கெட்டியான சட்டம். கார்பன் ஃபைபர், அலுமினியம் என்று பல வகை உண்டு. 80, 100 பவுண்டு ஏற்றினாலும் அது வளைந்து குறுகக் கூடாது. குறுகினால் எடை இடுப்புக்கு இறங்காது, தோளிலேயே தங்கிவிடும். இன்னொன்று சுமைத் தட்டு. பையைச் சட்டத்திலிருந்து தளர்த்தினால் நடுவில் ஓர் இடைவெளி வரும். இறைச்சியை அங்கே வைத்து, பையை மேலே இழுத்துக் கட்டிவிடலாம். இறைச்சி முதுகை ஒட்டியே நிற்கும், உங்கள் துணிமணியிலும் ரத்தம் படாது. கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டையும்தான். எத்தனை பாக்கெட் என்பதெல்லாம் அப்புறம்.

அளவைப் பற்றி ஒரு சின்னக் குழப்பம் வரும். அமெரிக்க வேட்டைப் பைகளின் பெயரோடு 3200, 5000 என்று எண் இருந்தால் அது பெரும்பாலும் கன அங்குலக் கணக்கு. 1,000 கன அங்குலம் என்பது 16.4 லிட்டர். ஆகவே 5000 என்றால் 82 லிட்டர். காலையில் போய் இரவு முகாமுக்குத் திரும்புபவருக்கு 30 முதல் 40 லிட்டர் போதும். நாலைந்து நாள் காட்டிலேயே தங்குபவருக்கு 70 முதல் 90 வேண்டும். சுருக்கிக் கட்டினால் தட்டையாகிவிடும் பெரிய பை இரண்டுக்கும் உதவும். சிறிய பையைப் பெரிதாக்க முடியாது.

600 டாலர் பெரிய தொகைதான். மொன்டானாவின் போஸ்மேனில் தொடங்கிய மிஸ்டரி ரான்ச், ஸ்டோன் கிளேசியர், ஐடஹோவின் பாய்சியில் இருக்கும் எக்ஸோ போன்ற நிறுவனங்களின் பைகள் அந்த விலைப் பக்கம்தான் வரும். நல்ல பைகள், வருடக்கணக்கில் உழைப்பவை. ஆனால் வேட்டை உங்களுக்குப் பிடிக்குமா என்பதே இனிமேல்தான் தெரியப்போகிறது. அதனால் முதல் வருடத்துக்கு நான் சொல்லும் வழி இது: பகல் முழுக்க உங்கள் பழைய பையோடு நடங்கள். பை இல்லாத வெறும் ஃபிரேம் ஒன்றை 200 டாலர் அளவில் வாங்கி வண்டியில் வைத்திருங்கள். எல்க் விழுந்தால் முதல் நடையில் முதுகுச்சதை, உள்சதை போன்ற எடை குறைந்த துண்டுகளைப் பழைய பையில் கொண்டுவாருங்கள். தொடைகளை ஃபிரேமில் கட்டித் தூக்குங்கள். இரவெல்லாம் உறைபனி விழும் அக்டோபர் மலையில் இந்த ஏற்பாடு நடக்கும். வெயில் காயும் செப்டம்பரில் இறைச்சி அவ்வளவு நேரம் காத்திருக்காது.

கேள்வி: சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறேன். என் உயரம் 5 அடி 1 அங்குலம், எடை 120 பவுண்டு. கணவரின் வேட்டைப் பையைப் போட்டுப் பார்த்தேன். எப்படி இறுக்கினாலும் தோள் வலிக்கிறது. சின்ன உடம்புக்காரர்களுக்குச் சுமையே சரிப்படாதா?

பதில்: சரிப்படும் அம்மா. உடம்பு சின்னதாக இருப்பது குறையே இல்லை. அந்தப் பை உங்கள் முதுகுக்கு நீளம், அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது ஆள் உயரத்தை அல்ல, முதுகின் நீளத்தை. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்தும். அங்கே அளவுநாடாவின் நுனியை ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டுங்கள். விரல்கள் சந்திக்கும் கோடு வரை எத்தனை அங்குலம் என்று பாருங்கள். உங்களுக்கு 15, 16 அங்குலம் வரலாம். கணவருக்கு 19, 20 இருக்கும். அந்த இடைவெளிதான் உங்கள் தோளில் வலியாக இறங்குகிறது. முதுகு நீளத்தை மாற்றிக்கொள்ளும் வசதி பல ஃபிரேம்களில் உண்டு. அவருடையதில் இருந்தால் முதலில் அதைக் குறைத்துப் பாருங்கள். இல்லையென்றால் உங்களுக்கென்று தனி ஃபிரேம்தான் வாங்க வேண்டும். இடுப்புப் பட்டையும் தனி அளவில் வரும். முழுக்க இறுக்கிய பிறகும் முன்பக்கம் இரண்டு முனைகளுக்கு நடுவே சில அங்குலம் இடைவெளி மிஞ்ச வேண்டும். இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டால் மேற்கொண்டு இறுக்க வழி இல்லை, பட்டை வழுக்கி இறங்கிவிடும்.

பையை வெறுமையாகப் போட்டுப் பார்ப்பதில் ஒரு பலனும் இல்லை. இந்தியக் கடையில் வாங்கிய 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை வீட்டில் இருக்குமே, அதில் இரண்டை ஒரு பழைய போர்வையில் சுற்றிச் சுமைத் தட்டில் வையுங்கள். மூட்டை தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே, முதுகை ஒட்டி நிற்க வேண்டும். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். முதலில் இடுப்புப் பட்டை: அதன் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேடு மேல் உட்காரும்படி வைத்து நன்றாக இறுக்குங்கள். அடுத்து தோள் வார், தோளைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அதன் மேல்முனையிலிருந்து சட்டத்தின் உச்சிக்குப் போகும் சிறிய வாரை லோட் லிஃப்டர் என்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால் அது ஏறக்குறைய 45 பாகை சரிவில் மேல்நோக்கிப் போக வேண்டும். தட்டையாகவோ கீழ்நோக்கியோ போனால் சட்டம் உங்களுக்குக் குட்டை. கடைசியாக மார்பு வார், மூச்சு முட்டாத அளவுக்கு.

இப்போது தோள் வாருக்கு அடியில் ஒரு விரலை விடுங்கள். எளிதாக நுழைந்தால் எடையில் பெரும்பகுதி இடுப்பில் இறங்கிவிட்டது என்று பொருள். இதே மூட்டையோடு வீட்டுப் படிக்கட்டில் அரைமணி நேரம் ஏறி இறங்குங்கள். கடையில் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். காட்டுச் சேறு பட்ட பிறகு எந்தக் கடையும் எளிதில் திரும்ப வாங்காது.

மலையில் 40 பவுண்டுக்கு மேல் ஒரே நடையில் எடுக்காதீர்கள். ஒரு நடை கூடினாலும் முழங்கால் தப்பிக்கும். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கை காலியாக வேண்டும் என்பதால், ரைபிளில் இருக்கும் தோட்டாக்களை முழுவதும் எடுத்துவிட்டு, ரைபிளைப் பையின் பக்கவாட்டில் கட்டிவிடுங்கள்.

கேள்வி: காமோ (காட்டோடு கலந்து மறைக்கும் வடிவம்) அச்சிட்ட பை, அச்சில்லாத ஒரே நிறப் பையைவிட 40 டாலர் கூடுதல். அது அவசியமா?

பதில்: அவசியம் இல்லை. எல்க்குக்கும் மானுக்கும் சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் நமக்குத் தெரிவது போல் தெரியாது. அசைவும் சத்தமும் வாசனையும்தான் உங்களைக் காட்டிக்கொடுக்கும். பழுப்போ மங்கிய பச்சையோ போதும்.

துணியின் சத்தத்தைக் கட்டாயம் சோதியுங்கள். கடையிலேயே நகத்தால் பையைக் கீறிப் பாருங்கள். மொறுமொறுவென்று சத்தம் வந்தால், ஆஸ்பென் கிளைகள் உரசும்போதும் அப்படித்தான் வரும். கார்டுரா போன்ற நைலான் துணி கொஞ்சம் கனம், ஆனால் சத்தம் குறைவு. பலகையாய் விறைத்து நிற்கும் நீர்புகாத் துணிகள் எடை குறைவு, சத்தம் அதிகம். அவசரத்துக்குத் தேவைப்படுகிற எதையும் வெல்க்ரோ ஒட்டும் பாக்கெட்டில் வைக்காதீர்கள். காலை நேரக் காட்டில் வெல்க்ரோவைப் பிரிக்கும் சத்தம் அடுத்த சரிவு வரை கேட்கும்.

மிச்சமாகும் 40 டாலரில் காற்றோட்டமுள்ள இறைச்சிப் பைகளை வாங்குங்கள், கேம் பேக் என்று கேட்டால் தருவார்கள். சூடு ஆறாத இறைச்சியைப் பிளாஸ்டிக் குப்பைப் பையில் கட்டினால் சூடும் ஈரமும் உள்ளேயே தங்கிக் கெட்டுப்போகும். துணிப் பையில் போட்டு நிழலில் தொங்கவிட்டு, ஆறிய பிறகு சுமையில் ஏற்றுங்கள். ஆறிய இறைச்சி இறுகி நிற்கும், கட்டுவதும் சுலபம். எலும்பு நீக்குபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு இறைச்சியோடு இயல்பாக ஒட்டியே இருக்க வேண்டும் என்பது கொலராடோ விதி. வெட்டத் தொடங்கும் முன்பே எந்தத் துண்டில் அதை விடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஆரஞ்சு நிறப் பை உறை வாங்கினால் ஆரஞ்சு மேலங்கி போடாமல் இருக்கலாமா?

பதில்: கூடாது. ரைபிளால் வேட்டையாடும் பருவத்தில் கொலராடோவில் இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் அணிய வேண்டும். தலையிலும் அதே நிறத்தில் தொப்பி வேண்டும். பை உங்கள் மேலங்கியின் பின்பக்கத்தை மறைத்துவிடுகிறது. உறை அதை ஈடுகட்டும், மேலங்கிக்கு மாற்று ஆகாது. கொம்பைப் பையில் கட்டிக்கொண்டு நடப்பவர் கொம்பிலும் ஆரஞ்சுத் துணியைச் சுற்றட்டும். புதர்களுக்கு மேலே கொம்பு மட்டும் அசைவதைத் தூரத்திலிருந்து பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: பழைய பை பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். நல்ல ஃபிரேம் சீக்கிரம் கெடாது. விற்பவர் ஏதோ ஓர் அளவு சொல்வார், அதை உங்கள் முதுகு நீளத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தின் கம்பிகளைத் தடவிப் பாருங்கள், விரிசலோ வளைவோ இருந்தால் வேண்டாம். பக்கிள்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கழற்றுங்கள். உடைந்த பக்கிள் சில டாலரில் முடிந்துவிடும். தோள் வார் சட்டத்தோடு சேரும் இடத்தில் தையல் பிரிந்திருந்தால் மட்டும் விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். உத்தரவாதம் இரண்டாவது கைக்கு மாறும்போது செல்லுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பணம் கொடுக்கும் முன் நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். அப்புறம், பையின் உள்பக்கத்தைப் புறம் திருப்பி எடுத்த படம் ஒன்று கேளுங்கள். உள்பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தால் மழையும் பனியும் நேரே உங்கள் தூக்கப்பைக்குள் இறங்கும்.