மே மாத லீவு: டிக்கெட் போடும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதம்

கேள்வி: ஷார்ஜாவில் ஒரு ஏ.சி. பராமரிப்புக் கம்பெனியில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சேர்ந்து ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது, இன்னும் ஊருக்குப் போகவில்லை. குடும்பம் அறந்தாங்கி பக்கம். பிள்ளைகளுக்கு மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் அப்போது 45 நாள் லீவு கேட்டேன். “சீசன் நேரம், அக்டோபரில் பார்க்கலாம். எப்படியும் நம்ம கம்பெனியில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு” என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். இப்போதே டிக்கெட் போட்டால்தான் விலை குறையும் என்று டிராவல்ஸ்காரர் நெருக்குகிறார். 500 திர்ஹம் கொடுத்தால் லீவு பேப்பரில் கையெழுத்து வாங்கித் தருவதாக, நாங்கள் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்பில் ஒருவர் சொல்கிறார். மே மாதம் ஊருக்குப் போக எனக்கு உரிமை உண்டா? டிக்கெட் போடலாமா?

பதில்: டிக்கெட் போடாதீர்கள். 500 திர்ஹமும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம், இந்த இரண்டை மட்டும் இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்குள் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன: லீவு, லீவின் தேதி, டிக்கெட். கேம்ப் பேச்சில் இவை மூன்றும் ஒன்றுதான். “ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை” என்ற பேச்சும் அந்தக் குழப்பத்திலிருந்து வந்ததுதான்.

அமீரகத்தில் தனியார் கம்பெனி ஊழியர்களுக்கு 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் இருப்பது 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம். லீவைப் பற்றிச் சொல்வது அதன் 29ஆம் பிரிவு. ஒரு வருட வேலைக்கு 30 நாள் சம்பளத்துடன் லீவு. வருடா வருடம். நீங்கள் முதல் வருடத்தை எப்போதோ முடித்துவிட்டீர்கள், ஆகவே அந்த 30 நாள் உங்களுடையது. கம்பெனி வழக்கம், முதலாளியின் மனசு, சூப்பர்வைசரின் தயவு எதுவும் அதைக் குறைக்க முடியாது.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்று உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அது பெரும்பாலும் டிக்கெட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். எடுத்துப் படித்துப் பாருங்கள். லீவில் போய் வரக் கம்பெனி டிக்கெட் தர வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கம்பெனி டிக்கெட் தருகிற வருடம் வரும்வரை லீவும் வராது என்று நம்பிக் காத்திருக்கிறவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். சொந்தக் காசில் போகத் தயார் என்றால் டிக்கெட் வருடத்துக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. தேதி உங்கள் கையில் இல்லை. வேலையின் தேவையைப் பார்த்து, தொழிலாளியுடன் பேசி, அல்லது ஆட்களை முறைவைத்து அனுப்பி, லீவுத் தேதியைக் கம்பெனி முடிவு செய்யலாம் என்றுதான் அதே பிரிவு சொல்கிறது. அந்தத் தேதியைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொழிலாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. எத்தனை கம்பெனிகள் அப்படிச் சொல்கின்றன? வியாழக்கிழமை கூப்பிட்டு “ஞாயிற்றுக்கிழமை கிளம்பு” என்பார்கள், அல்லது கடைசி நாள் வரை வாய் திறக்க மாட்டார்கள். ஊரில் பிள்ளை தேதியை எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு மாதம் முன்னால் ஒரு தேதி சொல்ல ஒரு கம்பெனிக்கு என்ன செலவு என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

ஆகவே மே மாதத்தை உரிமை என்று கேட்டு வாதாடினால் தோற்பீர்கள். வேலைக் கணக்கைச் சொல்லிக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. உங்கள் தொழிலில் உயிர் போகிற நேரம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. வெயிலில் நின்று செய்யும் வேலையை மதியம் நிறுத்தி வைக்கும் உத்தரவே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரைக்குத்தான். கோடைக்கு முந்தைய சர்வீஸ் வேலைகள் மார்ச், ஏப்ரலில் முடிந்துவிடும். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது: ஏப்ரல் கடைசி வாரம் கிளம்பி மே கடைசி வாரம் திரும்புவது. “சீசன் சூடு பிடிப்பதற்குள் வந்து நின்றுவிடுகிறேன்” என்று நீங்கள் சொல்ல முடியும். அக்டோபர்தான் என்கிற சூப்பர்வைசருக்கு மேலிடத்தில் சொல்ல அப்போது ஒரு காரணம் கிடைக்கும்.

45 நாளை விடுங்கள். 30 நாள் கேளுங்கள். கூடுதல் 15 நாள் என்பது போன வருடக் கணக்கிலிருந்து இழுத்து வருவது. அதற்குக் கம்பெனியின் சம்மதம் வேண்டும், ஒரு வருட லீவில் பாதிக்கு மேல் அடுத்த வருடத்துக்குத் தள்ளவும் முடியாது. கேட்டால் தவறில்லை. ஆனால் அந்த 15 நாளுக்காக 30 நாள் தடைபடுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். இன்னொன்று: பக்ரீத் போன்ற அரசு விடுமுறைகள் உங்கள் லீவுக்குள் விழுந்தால் அவை லீவு நாளாகவே எண்ணப்படும். கம்பெனி விதியில் வேறு மாதிரி இருந்தால் ஒழிய, “நாலு நாள் பெருநாள், அதைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்” என்று நீங்களாகக் கணக்குப் போட்டுத் திரும்பும் தேதியைத் தள்ளாதீர்கள்.

எழுத்தில் கேளுங்கள். கம்பெனி ஆப் இருந்தால் அதில், இல்லாவிட்டால் மின்னஞ்சலில், அதுவும் பழக்கமில்லை என்றால் சூப்பர்வைசருக்கும் எச்.ஆருக்கும் வாட்ஸ்அப்பில். கிளம்பும் தேதி, திரும்பி வேலையில் சேரும் தேதி, நீங்கள் இல்லாதபோது உங்கள் ஏரியாவைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்த சக டெக்னீஷியனின் பெயர், இவ்வளவு போதும். ரிலீவர் பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, ஆனால் கையெழுத்துப் போடுகிறவரின் பாதித் தலைவலி அதில் போய்விடும். குடும்பக் கஷ்டத்தை நீட்டி எழுத வேண்டாம். கேட்ட தேதி கிடையாது என்றால், “அப்படியானால் எந்தத் தேதி?” என்று அதே இடத்தில் எழுதிக் கேளுங்கள். வாயால் சொன்ன ‘பார்க்கலாம்’ எதற்கும் சாட்சியாகாது.

பதில் “ஓகே” என்று வந்தபிறகும் ஒரு படி பாக்கி இருக்கிறது. தேதிகள் போட்டு, கையெழுத்தோ ஆப் ஒப்புதலோ உள்ள காகிதம் உங்கள் கைக்கு வர வேண்டும். அதைப் படம் எடுத்து ஊரிலும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அதற்குப் பிறகுதான் டிக்கெட்.

டிராவல்ஸ் ஆட்கள் இந்த இடத்தில்தான் விளையாடுகிறார்கள். “பிளாக் பண்ணி வெச்சிருக்கேன், அட்வான்ஸ் மட்டும் குடுங்க” என்பார்கள். அந்த அட்வான்ஸுக்கு ரசீது இருக்காது. விலை குறைந்த டிக்கெட் என்றால் பெரும்பாலும் பணம் திரும்பாத டிக்கெட், தேதி மாற்றினால் அபராதம். லீவு தள்ளிப்போனால் அந்த நட்டம் முழுக்க உங்களுடையது. ஒப்புதல் இல்லாமல் நீங்கள் போட்ட டிக்கெட்டுக்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது. பணம் கொடுத்தால் ஆறு எழுத்துக் குறியீடு உள்ள உண்மையான டிக்கெட்டை வாங்கி, விமான நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பெயர் வருகிறதா என்று அங்கேயே பாருங்கள். கட்டணம் எகிறுவது இங்குள்ள பள்ளிகள் மூடும் ஜூலை, ஆகஸ்டில்தான். உங்கள் பயணம் அதற்கு முன்னால், எனவே இன்றே போடாவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

கேம்பில் 500 திர்ஹம் கேட்கிறவரைப் பற்றி. அவரிடம் கையெழுத்து அதிகாரம் இல்லை. தானாக வரப்போகிற கையெழுத்துக்குக் காசு வாங்குவார், வராத கையெழுத்துக்கும் வாங்குவார். ஒருவர் கொடுத்தால் அடுத்த வருடம் கேம்ப் முழுக்க அதுவே விலையாகிவிடும். இதே கூட்டத்தில் சிலர், ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து “அம்மா சீரியஸ்” என்று சான்றிதழ் வரவழைத்துத் தருகிறேன் என்றும் வருவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். போலிக் காகிதம் கொடுத்தது தெரிந்தால் 44ஆம் பிரிவின்படி முன்னறிவிப்பே இல்லாமல் வேலையிலிருந்து எடுக்கலாம். உண்மையாகவே துக்கம் நேர்ந்தால் அதற்குத் தனி லீவு சட்டத்தில் உண்டு: கணவன் அல்லது மனைவி இறந்தால் 5 நாள், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை என்றால் 3 நாள், சம்பளத்துடன். இந்த நாட்கள் ஆண்டு லீவில் கழியாது.

இப்போது நான் மிகவும் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சேர்ந்த லீவை எடுக்க விடாமல் ஒரு தொழிலாளியை இரண்டு வருடத்துக்கு மேல் தடுத்து வைக்கக் கூடாது என்கிறது சட்டம். உங்களுக்கு ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது, அந்த எல்லை பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் இந்த விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது: தொழிலாளியே லீவை அடுத்த வருடத்துக்குத் தள்ள விரும்பினாலோ, லீவுக்குப் பதில் பணம் வாங்கிக்கொள்ள விரும்பினாலோ, தடுத்ததாக ஆகாது. தொழிலாளிக்கு நல்லது என்று வைத்த விலக்குதான் இது. இரண்டு வருடம் போகாமல் சேர்த்து வைத்து, வீடு கட்டும்போதோ கல்யாணத்துக்கோ மொத்தமாகப் போக நினைக்கிறவருக்கு உதவும். நடைமுறையில் என்ன ஆகிறது? சம்பளக் காகிதங்களோடு சேர்த்து ஆங்கிலத்திலோ அரபியிலோ ஒரு தாள் வரும். “இங்கே ஒரு சைன்” என்பார்கள். அதில், “என் சொந்த விருப்பத்தின் பேரில் லீவைத் தள்ளி வைக்கிறேன்” என்றோ, “லீவுக்கான தொகையைப் பெற்றுக்கொண்டேன்” என்றோ இருக்கும். போட்டுவிட்டால் உங்களைத் தடுத்தது கம்பெனி இல்லை, நீங்களே வேண்டாம் என்றதாகிவிடும். பிறகு எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் அந்தத் தாளைத்தான் முதலில் மேசையில் வைப்பார்கள். இது வரை அப்படி ஏதாவது போட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். போட்டிருந்தால் நகல் கேளுங்கள். இனிமேல் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் படித்துச் சொல்லாமல் பேனாவைத் தொடாதீர்கள். கைபேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்க்கவும் இன்று வழி இருக்கிறது. பத்து நிமிடம் நேரம் கேட்டால் யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாது.

பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கம்பெனி பெட்டியில் இருந்தால் லீவு கேட்கும்போதே அதையும் கேளுங்கள். தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று 13ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. இவ்வளவு தெளிவாகச் சட்டம் எழுதிய பிறகும் பெட்டிகள் பூட்டியே கிடக்கின்றன. லீவில் போகும் ஆளுக்கு ஈடாக இன்னொருவரின் பாஸ்போர்ட்டையோ, ரொக்கத்தையோ ஜாமீன் கேட்கும் இடங்களும் இருக்கின்றன. யாருக்கும் அப்படி ஜாமீன் நிற்காதீர்கள், யாரையும் நிற்கச் சொல்லாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் இருக்கிறதா, எமிரேட்ஸ் ஐடி எப்போது முடிகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஒப்புதல் இல்லாவிட்டாலும் விமானம் ஏறிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். குவைத்தில் 2025 ஜூலை முதல் தனியார் ஊழியர் நாட்டைவிட்டுப் போக முதலாளி வழியாக அனுமதி வாங்க வேண்டும், அமீரகத்தில் அப்படி இல்லை. விமான நிலையத்தில் உங்களை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் தகுந்த காரணம் இல்லாமல் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வேலைக்கு வராவிட்டால் முன்னறிவிப்பு இல்லாமல் வேலையிலிருந்து எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. லீவு முடிந்தும் தாமதமாகத் திரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

லீவு நாட்களின் சம்பளம் எப்போது வரும் என்பதையும் கிளம்பும் முன் எழுத்தில் வாங்குங்கள். லீவில் இருக்கும் நாட்களுக்கு உங்கள் சம்பளம், அலவன்ஸோடு சேர்த்து. பேசிக்கை (அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளத்தை) மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது, வேலையை விட்டுப் போகும்போது மீதமுள்ள லீவுக்குத் தருகிற தொகைக்குத்தான்.

எழுதிக் கேட்டும் பதிலே இல்லை, அல்லது இரண்டு வருடம் தாண்டியும் தேதி சொல்லவில்லை என்றால் மனிதவள அமைச்சகத்தின் ஆலோசனை மையத்தை 80084 எண்ணில் கூப்பிடுங்கள். அமைச்சக ஆப் வழியாகவும் புகார் கொடுக்கலாம், விண்ணப்பம் நிரப்பித் தரும் டைப்பிங் சென்டர்காரருக்கு நூறு நூறாகக் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. மொழி சிக்கல் என்றால் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையம், கட்டணமில்லா எண் 80046342. நான் சொன்னதெல்லாம் அமைச்சகத்தில் பதிவான தனியார் கம்பெனி ஊழியருக்கு. வீட்டு டிரைவர், வீட்டுப் பணியாளர் விசாவில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு.

ஏப்ரல், மே இரண்டுமே முடியாது, அக்டோபர்தான் என்று கம்பெனி எழுத்தில் சொல்லிவிட்டால் தேதியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பாருங்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறை செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள் வரும். செப்டம்பர் 20ஐ ஒட்டிக் கிளம்பக் கேட்டால், வெயில் தணியத் தொடங்கும் நேரம் என்பதால் மறுப்பது கடினம். பிள்ளைகளின் பள்ளியில் விசாரித்து, அந்த மாற்றுத் தேதியையும் இப்போது கொடுக்கும் அதே விண்ணப்பத்தில் இரண்டாவதாக எழுதிக் கொடுங்கள்.