தனிம அட்டவணையின் வரலாற்றை எதற்குப் படிக்க வேண்டும்? இப்போதுள்ள அட்டவணையை மனப்பாடம் செய்தால் போதாதா?

கேட்டவர் பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிறார் என்று நினைக்கிறேன். தனிமங்களை வரிசைப்படுத்தப் பார்த்த டாபர்னீர், நியூலாந்து, மெண்டலீவ், மோஸ்லே என்று நாலு விஞ்ஞானிகள் பெயரும் ஆண்டும் குழம்பிப்போய் எரிச்சலில் கேட்டிருப்பீர்கள். பரீட்சைக்கு மட்டும்தான் என்றால் மனப்பாடம் போதும், தாராளமாகச் செய்யுங்கள். இதோடு நிறுத்தியிருப்பேன், ஆனால் கேள்வி என் பழைய புண் ஒன்றைக் கிளறிவிட்டது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விஞ்ஞானியும் இல்லை, வாத்தியாரும் இல்லை. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு நீடாமங்கலம் பக்கம் உரக்கடை வைத்திருப்பவன். ‘யூரியா மூட்டை விற்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு’ என்று யாராவது வருவார்கள், வரட்டும்.

ப்ளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். கிளை நூலகத்தில் இருந்த பழைய புத்தகம் ஒன்றில் 1869இல் மெண்டலீவ் வெளியிட்ட முதல் அட்டவணை அப்படியே அச்சாகியிருந்தது. நம் வகுப்புச் சுவரில் தொங்குவது போல இருக்காது, ஒரே குணமுள்ள தனிமங்கள் மேலிருந்து கீழாக இல்லாமல் குறுக்கே வரும். அப்போது தெரிந்திருந்தவையே 63 தனிமங்கள்தான். நடுவில் அங்கங்கே பெயருக்குப் பதில் ? = 45, ? = 68, ? = 70 என்று கேள்விக்குறியும் அணு எடையும் மட்டும் போட்டிருந்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டு சார்ட் பேப்பரை ஒட்டித் திண்ணையில் விரித்துப்போட்டு, கேள்விக்குறிகளைச் சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதிக்கொண்டிருந்தேன்.

வயலில் இருந்து வந்த அப்பா காலைக் கழுவிக்கொண்டே பார்த்துவிட்டு, “என்னடா, நடுவுல நடுவுல பாடுவாசி விட்டிருக்க?” என்றார். விவசாயம் தெரியாதவர்களுக்கு: நட்ட நாற்று வேர் பிடிக்காமல் போய் வயலில் அங்கங்கே விழுகிற காலி இடம்தான் பாடுவாசி. நட்டு ஒரு வாரம் பத்து நாளைக்குள் மிச்ச நாற்றைக் கொண்டுபோய் அதை நிரப்புவார்கள்.

“அது இன்னும் கண்டுபிடிக்காததுப்பா.”

“கண்டுபிடிக்காததுக்கு எடை எப்படிப் போட்டான்?”

இந்தக் கேள்வியை எங்கள் வகுப்பில் ஒருத்தரும் கேட்டதில்லை. துத்தநாகம் 65, அதற்கு அடுத்து அன்றைக்குத் தெரிந்திருந்தது ஆர்சனிக் 75. எடையை மட்டும் பார்த்து அடுக்குகிறவர் ஆர்சனிக்கை அடுத்த இடத்திலேயே, அலுமினியத்தோடு கொண்டுபோய் உட்கார வைத்திருப்பார். ஆனால் குணத்தில் அது பாஸ்பரஸின் பங்காளி. அதனால் மெண்டலீவ் இரண்டு இடத்தைக் காலியாக விட்டுவிட்டு ஆர்சனிக்கைத் தள்ளி வைத்தார். சொல்லி முடித்ததும் அப்பா, “அப்ப அக்கம்பக்கத்துப் பயிரப் பாத்தா என்ன வரும்னு தெரிஞ்சிடும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அந்தக் காலி இடத்தில் 1875இல் வந்து உட்கார்ந்தது காலியம் (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்). பிரான்சில் புவாபோத்ரான் கண்டுபிடித்தார். அவர் அளந்த அடர்த்தி 4.7. மெண்டலீவ் அந்தப் பொருளைக் கண்ணால் பார்க்காமலே, இது 5.9 பக்கம் இருக்க வேண்டும் என்று சொன்னார். சுத்தப்படுத்தி மறுபடி அளந்தால் 5.9! கிட்டத்தட்ட 30 டிகிரியில் உருகுகிற உலோகம் அது, நம்மூர் சித்திரை வெயிலுக்குப் பாட்டிலுக்குள்ளேயே தண்ணீராகிவிடும். 1879இல் ஸ்காண்டியம், 1886இல் ஜெர்மானியம் என்று மற்ற இரண்டு இடமும் நிரம்பின. பெயர் வைக்காத தனிமங்களுக்கு அவர் ‘ஏக அலுமினியம்’, ‘ஏக சிலிக்கான்’ என்று சமஸ்கிருத எண்ணைச் சேர்த்தார். இதை எழுதியதும் பெருமை பேச ஒரு கூட்டமும் மறுக்க ஒரு கூட்டமும் கிளம்பும், இரண்டு பேரும் கொஞ்சம் உட்காருங்கள்.

சரி, கண்காட்சிக்கு வருகிறேன். மதிப்பெண் போட வந்தவர் என் சார்ட்டைப் பார்த்து, “இவ்வளவு கேள்விக்குறி இருக்கே, தெரியலைன்னா கேட்டு எழுதியிருக்கலாமே” என்றார். நான் விளக்க வாயைத் திறப்பதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். முதல் பரிசு தெர்மாகோல் எரிமலைக்கு. ஆப்ப சோடாவில் வினிகர் ஊற்றினால் பொங்கத்தானே செய்யும்?

நியூலாந்துக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். எடை வரிசையில் எட்டாவது தனிமம் முதலாவதைப் போலவே இருக்கிறது என்று கண்டு எண்ம விதி என்றார், நம் ச ரி க ம ப த நி முடிந்து மறுபடி ச வருகிற மாதிரி. 1866இல் லண்டன் கெமிக்கல் சொசைட்டியில் பேசியபோது ஒருவர் எழுந்து, அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று கிண்டலடித்தார். கால்சியத்துக்கு மேல் அவர் விதி சரியாக ஓடவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் 1887இல் ராயல் சொசைட்டி அவருக்கு டேவி பதக்கம் கொடுத்தது. பிழைப்புக்கு அவர் பார்த்தது சர்க்கரை ஆலை வேலை. கல்யாண வீட்டில் “கெமிஸ்ட்ரி படிச்சிட்டு உரக்கடையா?” என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன். கடை என்றதும் இன்னொன்று: யூரியா லோடு வேண்டுமென்றால் போகாத பொருளையும் சேர்த்து எடு என்று மேலே இருப்பவர்கள் எங்கள் தலையில் கட்டுகிறார்கள், விவசாயி வந்து எங்களைத் திட்டுகிறார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, மன்னியுங்கள்.

மெண்டலீவ் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. டெல்லூரியம் அயோடினைவிடக் கனம், ஆனால் குணப்படி முன்னால் வருகிறது. எடையைத் தப்பாக அளந்துவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னார். அளவு சரியாகத்தான் இருந்தது. வரிசைக்கு அடிப்படை எடை இல்லை, அணு எண் (அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை) என்று 1913இல் எக்ஸ் கதிரை வைத்துக் காட்டியவர் மோஸ்லே. இரண்டு வருஷத்தில், முதல் உலகப் போரில், துருக்கியின் கல்லிப்போலி போர்முனையில் குண்டடிபட்டு இறந்தார், வயது 27. உங்கள் பாடத்தில் அவருக்கு எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த சார்ட் இன்னும் பரணில் இருக்கிறது. பின்பக்கம் முழுக்க அந்த வருஷ சம்பா நடவுக் கூலிக் கணக்கு, அப்பா கையெழுத்தில்.