பதற்றத்துக்கு மாத்திரையா, கவுன்சிலிங்கா? எனக்கு எது கைகொடுத்தது

ஈசிஜி, எக்கோ எல்லாம் சரியாக இருந்தும் நெஞ்சு படபடக்கிறது, பஸ் ஏறவே பயம், மாத்திரை போடலாமா கவுன்சிலிங் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றரை வருஷம் இதே நிலையில் இருந்தவன் நான். எனக்கு இரண்டுமே தேவைப்பட்டன. ஆனால் என்னை மறுபடி பஸ்ஸில் உட்கார வைத்தது சி.பி.டி. என்கிற, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் கவுன்சிலிங் முறைதான்.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும்போது, காவிரிப் பாலத்தில் நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. அங்கேதான் அந்தப் பதற்றம் முதல்முறை வந்தது. விரல்கள் மரத்துப்போயின, மூச்சு அடைத்தது, செத்துவிடுவேன் என்றே நம்பினேன். அதற்குப் பிறகு பாலம் வருமுன்பே இறங்கிவிடுவேன். ஏறினாலும் கதவோரம்தான் சீட், கையில் தண்ணீர் பாட்டில், சட்டைப் பையில் பதற்றத்தை உடனே அடக்கும் அல்பிரசோலம் மாத்திரை ஒன்று.

உளவியலாளர் அம்மா முதல் நாளே ஒன்று சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் இறங்கிடுறீங்க. இறங்கினதாலதான் பிழைச்சோம்னு உங்க மூளை படிச்சு வெச்சிருக்கு." எனக்கு அது சுருக்கென்று புரிந்தது. பயம் சில நிமிஷங்களில் உச்சத்துக்குப் போய், தானாகவே தணியும். அது தணிவதைப் பார்க்க நான் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை.

அவருடைய அறையிலேயே ஒரு நிமிஷம் நின்ற இடத்தில் ஓடச் சொன்னார். இதயம் தடதடத்தது. அதே படபடப்பு, ஆனால் ஆபத்து எதுவும் இல்லை. அப்புறம் வீட்டுப்பாடம். நிற்கிற பஸ்ஸில் பத்து நிமிஷம் உட்காருவது, ஒரு நிறுத்தம் போவது, பாலத்தைத் தம்பியுடன் தாண்டுவது, பிறகு தனியாக. கடைசியில் பாட்டிலும் மாத்திரையும் இல்லாமல். மூன்றாவது வாரம் பாதியில் இறங்கிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, அடுத்த நாளே அதே பஸ்ஸில் ஏறச் சொன்னார். மொத்தம் பதினான்கு அமர்வுகள்.

மாத்திரையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. மனநல மருத்துவர், தினமும் போட்டு மெல்ல வேலை செய்யும் எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை கொடுத்தார். முதல் வாரம் குமட்டலும் கூடுதல் படபடப்பும் இருந்தன, நான்காவது வாரம்தான் கால் தரையில் பட்டது. அது இல்லாமல் வீட்டுப்பாடத்தைத் தொடங்கியிருக்கவே மாட்டேன். ஆனால் அல்பிரசோலம் போன்றவை வேறு ரகம். உடனே அடக்கும், நாளாக நாளாக அது இல்லாமல் முடியாது என்று உடம்பு பழகிவிடும். எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தாதீர்கள். தைராய்டு பார்த்தீர்களா? அது கூடினாலும் இதே மாதிரிதான் இருக்கும், எனக்கு முதலில் எழுதிக்கொடுத்த டெஸ்ட் அதுதான்.

மூச்சுப் பயிற்சி தூக்கத்துக்கு நன்றாக உதவியது. பஸ்ஸுக்குள் மட்டும் அதைச் செய்ய வேண்டாம் என்றார் உளவியலாளர், அதுவும் தப்பிக்கும் வழியாகிவிடும் என்பதால்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

தங்கை கல்யாணத்துக்கு மூன்று மாதத்தில் மதுரை போகணும் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதம் போதுமான காலம்தான். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். போகும்போது, எங்கெங்கே போவதை நிறுத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். எனக்குச் சிகிச்சை தொடங்கியது அந்தத் தாளிலிருந்துதான்.