தழும்பும் கோடும்

அன்புள்ள ஐயா,

பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் ஸ்ட்ரைப்பர் என்ற ராக் குழுவின் ‘டு ஹெல் வித் த டெவில்’ ஆல்பத்தையே நாள் முழுக்கக் கேட்கிறான். இயேசுவைத்தான் பாடுகிறார்களாம். தலைப்போ சாபம் மாதிரி இருக்கிறது. பெண்களைப் போல முடி, கண்மை, மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட உடை. பணத்துக்காகத்தானே இதெல்லாம்? ஹெட்போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். சரிதானா?
தா., நாசரேத்

அன்புள்ள தா.,

பிடுங்குவதற்கு முன்னால் ஒரு பாட்டையாவது கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பிள்ளை எதைக் கேட்டு உருகுகிறான் என்று தெரியாமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். எனக்குக் கோபமாக வருகிறது.

தலைப்பு சபிப்பது சாத்தானை. ‘அப்பாலே போ சாத்தானே’ என்று வேதத்தில் நீங்கள் வாசிக்காததா? முடி, கண்மை பற்றிப் பேச ஒன்றுமில்லை. இந்த ஆல்பம் வந்த 1986-இல் கலிபோர்னியாவில் மெட்டல் என்ற சத்தமான ராக் வாசித்தவர்கள் பலர் அப்படித்தான் இருந்தார்கள். பணமா? ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது, உண்மை. அதே ஆட்கள்தான் மேடையிலிருந்து புதிய ஏற்பாட்டைக் கூட்டத்துக்குள் வீசினார்கள். டிவி பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட் கண்டித்தபோதும் நிறுத்தவில்லை.

அந்தக் கோடுகளைத்தான் சொல்ல வேண்டும். தங்கள் பெயருக்குக் கீழே ஏசாயா 53:5 என்று போட்டுக்கொண்ட குழு அது. பழைய ஆங்கில வேதாகமத்தில் அங்கே ‘ஸ்ட்ரைப்ஸ்’ என்று வரும். சவுக்கடி பட்ட தடத்துக்கும் துணியில் ஓடும் கோட்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். ஸ்ட்ரைப்பர் என்ற பெயரிலும் அந்தச் சொல்தான், உடையில் கோடு, கிட்டாரில் கோடு. நம் வேதாகமத்தில் ‘அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்’. தழும்பு என்றால் உடம்புதான், வேறு எதுவும் இல்லை. அதைச் சட்டையில் தைத்துக்கொள்ள முடியாது.

நான் படிக்கிற காலத்தில் இதே குழுவின் பாட்டை விடுதியில் பதிவு செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்தக் கேசட்டின் மேல் அப்பாவுக்குப் பயந்து ‘கிறிஸ்தவப் பாடல்கள்’ என்று பால்பாயிண்டில் எழுதியிருந்தேன். ஒரு ஞாயிறு மத்தியானம், கீர்த்தனை என்று நினைத்து அவரே டேப்பில் போட்டுவிட்டார். நான் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பாட்டு ஓடியது.

“இவனுவ பேரு என்னலே?”

சொன்னேன். அர்த்தம் கேட்டார். வசனத்தைச் சொன்னதும் வேதாகமத்தை எடுத்து, கண்ணாடி போட்டு, விரல் வைத்து வாசித்தார். தாத்தா பனையேறி. மரத்தில் உரசி உரசி அவர் நெஞ்சும் முன்கையும் கறுத்துத் தடித்து, தொட்டால் பனம்பட்டை மாதிரியே இருக்கும். மார்கழிக் குளிரில் வெடிக்கும். ஆச்சி விளக்கெண்ணெய் தடவிவிடுவாள்.

“நம்ம அப்பா நெஞ்சுல கெடந்துச்சே, அது மாதிரியா?” என்றார்.

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

உங்கள் மகனுக்கு அந்தக் கோடு தெரிந்திருக்கும். தழும்பை யாராவது காட்டினார்களா? ஹெட்போனை இன்றைக்கே கொடுங்கள். கொடுக்கும்போது அந்த வசனத்தைத் தமிழில் சேர்ந்து வாசியுங்கள். அப்புறம் அவனோடு உட்கார்ந்து ‘ஹானஸ்ட்லி’ கேளுங்கள், பியானோவோடு மெதுவாகப் போகும் பாட்டு, உங்கள் காதுக்கு வலிக்காது.

அப்பாவுக்கு வலித்தது. சத்தம் ஜாஸ்தி என்றார். கேசட் முடிந்ததும் திருப்பிப் போடச் சொன்னார்.