அட்டையில் யார் பெயர்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குன்றுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினேன். அதற்குப் படமெடுத்து, பிழை திருத்தி, அச்சகத்துக்கு அலைந்தவர் என்னோடு பள்ளியில் வேலை பார்த்த ஒரு தம்பி. நன்றிப் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டேன். இரண்டாம் புத்தகத்துக்கு அட்டையிலேயே தன் பெயரும் வரவேண்டும் என்கிறார். எழுதியது நான்தானே?
– வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: எழுதியது நீங்கள்தான். ஆனால் 'பிழை திருத்தி' என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்களே, அங்கேதான் இடிக்கிறது. முதல் புத்தகத்தின் ப்ரூஃப் கட்டைப் பரணிலிருந்து இறக்குங்கள். விட்டுப்போன ஒற்று, இடம்மாறிய கால் இவற்றை மட்டும் சிவப்பு மை தொட்டிருக்கிறதா? இல்லை, பத்தி பத்தியாக அடித்து, ஓரத்தில் இடம் போதாமல் தாளின் பின்பக்கம் வரை எழுதி, "இந்த அத்தியாயம் முன்னால் வரட்டும் டீச்சர்" என்று அம்புக்குறி போட்டிருக்கிறதா? முதலாவது என்றால் நன்றிப் பக்கம் போதும். இரண்டாவது என்றால் தம்பி கேட்பது அதிகமில்லை.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் பார்க்கிறது. சேர்ந்து உழைத்தவர்களில் இவர் பங்கு இது, அவர் பங்கு அது என்று பிரிக்க முடியாதபடி கலந்திருந்தால் அது கூட்டுப் படைப்பு. படங்கள் சங்கதி வேறு. நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொல்லாதவரை அவர் எடுத்த படத்துக்கு அவரே உரிமையாளர். 'படங்கள்' என்று போட்டு அவர் பெயரை அட்டையில் சேர்க்க யோசிக்கவே வேண்டாம்.

மாங்குளம் மலை ஏறியவருக்கு நான் சொல்லவா வேண்டும்? சமணத் துறவிகள் தங்கும் குகைப் பள்ளியை வெட்டுவித்த கடலன் வழுதியின் பெயர் அங்குள்ள கல்வெட்டில் நிற்கிறது. உளி பிடித்தவர் பெயர் அதில் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம், பெயர் வேறு, பணம் வேறு. ராயல்டியில் யாருக்கு எவ்வளவு என்பதைத் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வாய்ப்பேச்சாகவே வைத்துக்கொண்டு, கூட எழுதியவர் முகத்தில் முழிக்க முடியாமல் போனவன் நான். பதிப்பாளருக்கு உரிமை எழுதிக் கொடுக்கும்போதும் கவனம்: எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எந்த எல்லைக்குள் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

இந்தப் பேச்சை அச்சகத்தில் நின்றபடி பேசாதீர்கள். தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, அந்த ப்ரூஃப் கட்டை நடுவில் வைத்துப் பேசுங்கள். அட்டை மெஷினில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரதியிலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.