ப்ராம் இரவுக்கு முந்தைய ஐம்பது பக்கங்கள்

வணக்கம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நடக்கும் இளமைக் காதல் நகைச்சுவைத் திரைக்கதை ஒன்றை எழுதியிருக்கிறேன். மொத்தம் 104 பக்கம். எமிலியைக் கழற்றிவிட்ட ரயன் வேறொரு பெண்ணோடு சுற்றுகிறான். அவனைப் பொறாமைப்பட வைக்க எமிலி தன் வகுப்பு ஜேக்கைப் போலிக் காதலனாக ஏற்பாடு செய்கிறாள். பதிலுக்கு அவனுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும். ப்ராம், அதாவது கல்வியாண்டு இறுதியில் வரும் பள்ளி நடன விழா, முடிந்ததும் பிரிந்துவிடலாம் என்பது ஒப்பந்தம். முதல் 30 பக்கம் விறுவிறுப்பாகப் போகிறது என்கிறார்கள். பிறகு பனிச்சறுக்கு, படிப்பு, மழை என்று இனிமையான காட்சிகள் வருகின்றன, ஆனால் கதை தொய்கிறது. நடன இரவில் ரயன் மைக்கைப் பிடுங்கி ரகசியத்தை உடைக்கிறான். எமிலி வெளியே ஓடுகிறாள், ஜேக் பார்க்கிங்கில் மனதைத் திறந்து பேசுகிறான், முத்தம். "இரண்டு நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்குமே" என்றார் படித்த நண்பர். இன்னொருவர், எமிலி தன் சிறுவயதுத் தோழன் சாமோடுதான் சேர வேண்டும் என்கிறார். ஜேக்கின் வசனத்தை இன்னும் அழுத்தமாக எழுதினால் சரியாகிவிடுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

ஜேக்கின் வசனத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். கோளாறு 30ஆம் பக்கத்திலிருந்து 80ஆம் பக்கம் வரை இருக்கிறது. நடுவில் விட்டதை உச்சக்காட்சியில் பேசி ஈடுகட்டப் பார்க்கிறீர்கள்.

உங்கள் நடுப்பகுதிக் காட்சிகளை இடம் மாற்றிப் பாருங்கள். மழையை முன்னால் கொண்டுவந்து பனிச்சறுக்கைப் பின்னால் தள்ளினாலும் கதை கெடாது. தொய்வுக்கு அதுதான் காரணம். இருவரும் நெருங்குகிறார்கள், ஆனால் எந்தக் காட்சியிலும் பொய்யின் விலை ஏறவில்லை. 70ஆம் பக்கத்தில்கூட இருவரும் "போதும், விட்டுவிடலாம்" என்று கைகுலுக்கிப் பிரிந்துபோக முடிகிறது.

பள்ளி நடனத்தைக் கதையில் வைப்பதன் பெரிய லாபமே அது தேதி குறித்த நிகழ்ச்சி என்பதுதான். அதற்கு முன் வரிசையாகச் சில வேலைகள் நடந்தாக வேண்டும். எல்லார் முன்னாலும் ப்ராமுக்கு அழைப்பது, டிக்கெட், உடை, பையன்களுக்கு வாடகை டக்ஸீடோ கோட்டு, மணிக்கட்டில் கட்டும் கோர்சாஜ் பூ, யார் எந்தக் குழுவோடு எந்தக் காரில் போவது, அந்த இரவின் ராஜா ராணி யார் என்று மாணவர்கள் நடத்தும் வாக்கெடுப்பு. ஒவ்வொன்றிலும் பணம் போகிறது, பெயர் பதிவாகிறது, இன்னொருவர் தன் திட்டத்தை மாற்றிக்கொள்கிறார். போலிக் காதலை இந்த வரிசையின் மேல் ஓட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் பின்வாங்குவது கொஞ்சம் கடினமாகட்டும். பனிச்சறுக்கு தேவையே இல்லை.

டிக்கெட் மேசையை எடுத்துக்கொள்வோம். மதிய உணவு இடைவேளை, மாணவர் மன்றப் பெண் பணப்பெட்டியும் பெயர்ப் பட்டியலுமாக உட்கார்ந்திருக்கிறாள். பல பள்ளிகளில் தனி டிக்கெட் இரண்டைவிட ஜோடி டிக்கெட் மலிவு. "ஜோடியா, தனித்தனியா?" என்று அவள் கேட்கிறாள். ஜேக் சட்டென்று "ஜோடி" என்கிறான், எமிலி ஒரு நொடி தாமதிக்கிறாள். வரிசையில் அடுத்து நிற்பவன் சாம். யாரும் அழைக்காவிட்டால் நண்பர்களாகச் சேர்ந்து போவோம் என்று எமிலியும் அவனும் ஒன்பதாம் வகுப்பிலேயே பேசிவைத்தது. அவன் எதுவும் சொல்லாமல் ஒரு தனி டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறான். ஒன்றரைப் பக்கம்தான், ஆனால் மூன்று வேலை நடந்துவிட்டது. பொய் பட்டியலில் ஏறிவிட்டது, ஜேக்கின் மனம் தெரிந்துவிட்டது, பொய்யால் காயப்பட்ட முதல் ஆள் கண்முன் நிற்கிறான். இதை 42ஆம் பக்கம் வாக்கில் வையுங்கள்.

அதே மேசையில் ஒரு கண்டிப்பான ஆசிரியை நுழைவு விதிகளை வாசிக்கட்டும். அரங்கை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்ற விதி நிறையப் பள்ளிகளில் உண்டு. இங்கே அது சிரிப்புக்காக வரும், அதன் வேலை பின்னால் இருக்கிறது.

104 பக்கத்தில் நடுப்புள்ளி 52. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் படம் பாதி ஓடியிருக்கும். அங்கே எமிலிக்கு இது நடிப்பில்லை என்று புரிய வேண்டும், புரிந்ததை அவள் மறைக்க வேண்டும். ஏன் மறைக்கிறாள் என்பதை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். "சொன்னால் அவள் ______ இழப்பாள்." கோடிட்ட இடம் நிரம்பவில்லையென்றால் உங்கள் நண்பரின் ஆட்சேபம் நியாயமானது, உண்மையிலேயே இரண்டு நிமிடப் பேச்சில் தீரும் கதைதான். ஜேக் ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொண்டதே கணக்குத் தேர்வுக்காகத்தான், தேர்வு முடிந்ததும் போய்விடுவான் என்று அவள் நம்புவதாக வைத்தால் கோடு நிரம்பும். சொன்னால், இருக்கும் சில வாரங்களும் போய்விடும்.

இப்போது பிரிவு. நீங்கள் வைத்திருப்பது ரகசியம் வெளிப்படுவதால் வரும் பிரிவு. ஆனால் ஜேக்குக்கு அந்த ரகசியம் முதல் நாளே தெரியும், அவன் அதில் பங்காளி. அதனால் அவமானம் வருகிறது, காயம் வரவில்லை. தவறான புரிதலால் வரும் பிரிவும் விளக்கம் சொன்னால் தீர்ந்துவிடும். தீராத பிரிவு வேண்டுமென்றால் யாராவது உண்மையாகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது தேர்ந்தெடுக்கத் தயங்க வேண்டும். சனிக்கிழமை ப்ராம் என்றால் புதன்கிழமை ரயன் தன் பெண்ணை விட்டுவிட்டு எமிலியிடம் வந்து "என்னோடு வருகிறாயா?" என்று கேட்கட்டும். முதல் பக்கத்தில் அவள் விரும்பியது இதுதான். அவள் "நாளைக்குச் சொல்கிறேன்" என்கிறாள். அதை அவளே ஜேக்கிடம் சொல்கிறாள். ஒட்டுக்கேட்பதும் வேண்டாம், தவறிப்போன குறுஞ்செய்தியும் வேண்டாம். அவள் ஒரு நாள் யோசித்தாள் என்பதே அவனுக்குப் போதும். 76ஆம் பக்கத்தில் இது நடந்தால் நடனத்துக்கு இன்னும் எட்டுப் பக்கம் இருக்கும். பிரிவும் சேர்தலும் ஒரே இரவில், ஐந்து பக்கத்துக்குள் நடப்பதால்தான் உங்கள் முத்தம் கனமில்லாமல் இருக்கிறது. பார்வையாளருக்கு ஏங்கக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

கோர்சாஜை இந்த இடைவெளியில் பயன்படுத்தலாம். பூவின் நிறம் உடைக்குப் பொருந்த வேண்டும், ஆகவே 55ஆம் பக்கத்தில் ஜேக் நிறம் கேட்கிறான். ரயனுக்குப் பிடித்த நிறம் என்பதால் "நீலம்" என்கிறாள் எமிலி. பிறகு கடையில் ஒரு பச்சை உடையை இரண்டு முறை கையில் எடுத்துவிட்டுத் திருப்பி வைக்கிறாள், ஜேக் உடன் இருக்கிறான். சனிக்கிழமை மாலை, முன்பே பணம் கட்டிய பூ அவள் வீட்டு வாசலுக்கு வருகிறது. பெட்டியைத் திறந்தால் பச்சை ரிப்பன். பிரிவுக்கு முன்பே கொடுத்த ஆர்டர் என்பதால் அவன் சமாதானத் தூது விடுகிறான் என்று யாரும் நினைக்க முடியாது. இங்கே வசனம் எழுதிவிடாதீர்கள், பெட்டி திறப்பது மட்டும் போதும்.

நடன இரவில் ரயனிடம் மைக் எப்படி வந்தது? நடனத்தின் நடுவே இசையை நிறுத்தி, எல்லாரும் மேடையைப் பார்த்து, மாணவர் கைக்கு மைக் போகும் இயல்பான நேரம் ஒன்றுதான், ராஜா ராணி முடிசூட்டு. அதை எமிலிக்குக் கொடுங்கள். அவள் ராணி, ரயன் ராஜா, வழக்கப்படி இருவரும் சேர்ந்து ஒரு மெதுவான பாட்டுக்கு ஆட வேண்டும். ஆசைப்பட்டதெல்லாம் கையில் வந்துவிட்டது. அதை அவளே கீழே வைக்கட்டும். தனக்கு வாக்களித்தவர்களிடம் தானும் ஜேக்கும் ஜோடி என்பது பொய் என்று அவளே சொல்லட்டும், நாலு வரிக்கு மேல் வேண்டாம். வில்லன் உடைக்கும் ரகசியத்தில் நாயகிக்குச் செய்ய ஒன்றுமில்லை, ஓடுவதைத் தவிர.

பிறகு அவள் கதவைத் தாண்டி வெளியே போகிறாள். அந்த ஆசிரியை கதவருகில் நிற்கிறார். போனால் திரும்ப முடியாது. தயங்கியது எமிலி, ஆகவே ஜேக்கை அவன் வீட்டுக்கே தேடிப்போக வேண்டியவளும் அவள்தான். உங்கள் வடிவத்தில் தவறே செய்யாத ஜேக் நீளமாகப் பேசுகிறான். எவ்வளவு அழுத்தமாக எழுதினாலும் அது நிற்காததற்குக் காரணம், அது அவன் பேச வேண்டிய வசனமே இல்லை.

ப்ராமை ஹோம்கமிங் நடனமாக ஆக்கலாமா என்று யோசிக்க வேண்டாம். ஹோம்கமிங் இலையுதிர்காலத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தோடு வரும், திங்கள்கிழமை எல்லாரும் மறுபடி ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். அது வேறு கதை. ப்ராம் வசந்தத்தில், கல்வியாண்டு முடியும் நேரத்தில் வருகிறது, பிரிந்துபோகும் பயம் கேட்காமலே கிடைக்கிறது. பெண்கள் அழைக்கும் சேடி ஹாக்கின்ஸ் நடனமும் உங்களுக்குச் சரிவராது. 1937இல் அல் காப்பின் சித்திரக்கதையில் பிறந்த வழக்கம் அது. அங்கே பெண் அழைப்பதுதான் விதி என்பதால், எமிலி ரகசியமாக ஜேக்கை ஏற்பாடு செய்வதில் உள்ள கூச்சமும் சிரிப்பும் போய்விடும்.

சாம் பற்றி. 1986இல் வந்த 'பிரெட்டி இன் பிங்க்' படத்தில் முதலில் படமாக்கிய முடிவில் நாயகி தோழனோடுதான் ப்ராமில் நின்றாள். முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர்கள் ஏற்கவில்லை, பணக்காரப் பையனோடு சேர்வதாகத் திரும்ப எடுத்தார்கள். யாருக்காகக் காத்திருக்க வைத்தோம் என்பது கடைசிக் காட்சிக்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. உங்கள் ஸ்கிரிப்டில் எமிலி தனியாக இருக்கும்போது ஜேக்கைத்தான் நினைக்கிறாள், சாமை ஒரு முறைகூட நினைப்பதில்லை. அதை மாற்றாமல் முடிவை மட்டும் மாற்றினால் ஒட்டாது. சாமுக்கு அவள் தர வேண்டியது ஒரு மன்னிப்பு. அதை முடிசூட்டுக்கு முன்பே வைத்துவிடுங்கள், பின்னால் வைத்தால் வேகம் குறையும்.

முதலில் டிக்கெட் மேசையையும் புதன்கிழமைக் காட்சியையும் எழுதுங்கள். இரண்டும் நின்றால் இடையில் என்ன வேண்டுமென்று தானே தெரியும். ஜேக் வீட்டு வாசல் காட்சி மூன்று பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.